சீத்துன்னு ஒரு சத்தம்

கை நிறைய இட்லி மாவோடு தெருவில் நின்ற மதினியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வலக்கையில் முழங்கை வரை மாவு. கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து, வாசலைத் தாண்டி, வாசலை ஒட்டி ஓடும் சாக்கடையையும் ஒரே தாவலாகத் தாவி, எதிரே இருந்த தெருக்குழாயடியில் போய் நின்றுவிட்டார். காலில் செருப்பில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. வாய் மட்டும் "வெளிய வா, வெளிய வா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கூப்பிடுவது என்னைத்தான் என்று எனக்குப் புரியவே சற்று நேரமானது. நான் உள்ளறையில் பேஸ் கிடாரையும், புதிதாக வாங்கிவந்த மூன்று பெடல்களையும், ஆம்ப்ளிபயர் பெட்டியையும் வயரால் கோத்துவிட்டு அப்போதுதான் சுவிட்சைப் போட்டிருந்தேன். கிடாரில் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. தொடுவதற்கு முன்பே பெட்டி உஸ்ஸ்ஸ் என்றது. அந்தச் சத்தத்துக்குத்தான் மதினி ஓடினார்.

அப்போது நாங்கள் திருத்தங்கலில் குடியிருந்தோம். வீடு அண்ணனுடையது. அண்ணன் லோடு வண்டி ஓட்டினார். நான் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டினேன். வாரக் கடைசியில் கல்யாண வரவேற்பு, அம்மன் கோயில் பொங்கல் என்று எங்காவது ஒரு மேடையில் கச்சேரிக் குழுவோடு நின்று பேஸ் வாசித்தேன். மதினி புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைக்கிற வேலையில் இருந்தார். எங்கள் பக்கம் மருந்து என்றால் அது வெடிமருந்துதான். காய்ச்சலுக்குத் தருவதை மாத்திரை என்றுதான் சொல்வோம். நான் அரைக்கால் டவுசரோடு பள்ளிக்கூடம் போன காலத்தில் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவர் மதினி. அதனால் எனக்கு எத்தனை வயதானாலும் அவருக்கு நான் தம்பிதான். கோபம் வந்தால் மட்டும் "கொழுந்தனாரே" என்பார். அன்றைக்குக் கொழுந்தனாரே என்றுதான் கூப்பிட்டார்.

"கொழுந்தனாரே, என்னத்த வச்சிருக்கீரு உள்ள? சீத்துன்னு வருது! ஒரு நிமிசத்துல என் உசுரு போயி உசுரு வந்துச்சு."

தெருவே சிரித்தது. மதினியும் சிரித்தார். ஆனால் நான் பெட்டியை அணைத்துவிட்டு வரும் வரை குழாயடியை விட்டு நகரவில்லை. மாவுக்கையைக் குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, உள்ளே வந்து மறுபடி கிரைண்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் என் அறை வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வயரையெல்லாம் கழற்றிச் சுருட்டி வைத்தேன்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. நான் கிடார் வாங்குவதற்குப் பல வருடம் முன்பு அவர் வேலை பார்த்த அறையில் தீப்பிடித்தது. அறையில் இருந்தது நான்கு பேர். அதைப் பற்றி மதினி நீட்டி முழக்கிச் சொன்னதே கிடையாது. எப்போது கேட்டாலும் அதே நான்கு வரிதான். "சீத்துன்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான். நான் திரும்பிப் பாக்கல, ஓடிட்டேன். எங்கூட்டாளி என்ன சத்தம்னு திரும்பிப் பாத்தா." கூட்டாளி என்று சொன்னது பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்ணை. இருவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிறவர்கள். அவர் திரும்பிப் பார்த்ததற்கும் மதினி திரும்பாததற்கும் இடையில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்திருக்கும். மூன்று பேர் பிழைத்தார்கள். ஆறு மாதம் கழித்து மதினி மறுபடியும் வேலைக்குப் போனார். வேறு என்ன செய்ய? மழையில்லாத கரிசல் காட்டில் வேறு என்ன வேலை இருக்கிறது?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது. சோறு வடித்துத்தான் சாப்பாடு. பருப்பு வேக ஒரு மணி நேரமானாலும் சட்டியில்தான் வேகும். சோடா உடைக்கிற கடை இருந்தால் மதினி அந்தப் பக்கமாகவே வரமாட்டார். கடுகு தாளிக்கையில் மட்டும் பயமில்லை. "அது பொரியிற சத்தம். நான் பயப்படுறது சீறுற சத்தம்" என்பார். பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கிற கல்யாண வீட்டில் சமையற்கட்டில் கேஸ் கசிந்ததை அவர்தான் முதலில் கேட்டுச் சொன்னார். மற்றவர்களுக்கு வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் காது அப்படி.

இனி என் பெட்டியின் கதை. பேஸ் கிடார் தன்னளவில் அமைதியான வாத்தியம். கம்பியின் அதிர்வைச் சின்ன மின்சாரமாக்கி அனுப்பும், அவ்வளவுதான். வழியில் பெடல்களை வைத்தால் அவை ஒலியை மாற்றும். என்னிடம் இருந்தவை மூன்றும் மதுரையில் பழசாக வாங்கியவை. முதலாவது ஒலியைக் கரகரப்பாக்கும். இரண்டாவது மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். அதற்குக் கம்ப்ரஸர் என்று பெயர். மூன்றாவது ஒலியை இரட்டிப்பாக்கி அலையவிடும். பெடலுக்கு எது சங்கீதம், எது இரைச்சல் என்று தெரியாது. கம்பிச் சத்தத்தைத் தூக்கும்போது கூடவே இருக்கிற உஸ்ஸையும் சேர்த்துத் தூக்கிவிடும். ஒரு பெடலின் உஸ்ஸை அடுத்தது பெருக்கும். மூன்றையும் தாண்டிப் பெட்டிக்கு வருவதற்குள் அது திரியில் நெருப்புப் பிடித்த மாதிரிச் சீறும்.

குழுவில் கீபோர்டு வாசித்த மாஸ்டர் இதை முதல் கச்சேரியிலேயே பிடித்துவிட்டார். சாமி பாட்டு முடிந்து, பாடகி அடுத்த பாட்டுக்குப் பேச ஆரம்பித்த நேரம். மைதானமே அமைதியாக இருந்தது. என் பெட்டி மட்டும் சீறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மேடையிலேயே குனிந்து, "ஏலே, ஒன் லைன்ல பாம்பு எதும் வளக்கியாலே?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அதைவிட வேறொன்றைப் பார்த்தேன். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள், பட்டாசு வேலைக்குப் போகிற நாரணாபுரத்துக்காரர்கள், ஒருவர் தவறாமல் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். பிறகு வெளியூர்களில் வாசித்தபோது யாரும் அப்படிப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் இரைச்சலோடு வாசிப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி செய்யத் தொடங்கினேன். உஸ்ஸோடு கூடவே ம்ம்ம் என்று ஓர் உறுமலும் இருந்தது. அது வேறு வியாதி. கம்பியில் கைவைத்தால் உறுமல் குறையும், கையெடுத்தால் திரும்ப வரும். ஒரு நாள் மதினி அறை வாசலில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ தொட்டா நிக்குது, விட்டா வருது. எங்க ரூம் வாசல்லயும் ஒரு செம்புத் தகடு வச்சிருக்காக. உள்ள போறதுக்கு முன்னால எல்லாரும் அதத் தொட்டுட்டுத்தான் போகணும். ஒடம்புல இருக்கிற கரண்டு தரையில எறங்கிருமாம். ஒன் பொட்டிக்கு எர்த்து இருக்கா தம்பி?" இருக்கவில்லை. பழைய வீடு, இரண்டு ஓட்டைப் பிளக்கு. எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கொல்லையில் கம்பி அடித்து எர்த்து போட்டேன். அச்சகத்தில் மிச்சம் கிடந்த வெள்ளித் தாளைக் கிடாரின் உட்குழியில் ஒட்டினேன். உறுமல் போயேபோய்விட்டது. மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் எல்லாரிடமும், "எங்க கொழுந்தன் பொட்டிய நாந்தான் சரி பண்ணுனேன்" என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் உஸ் போகவில்லை. இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது ஏன் போகவில்லை என்று எனக்கு ஒரு வாரத்திலேயே தெரியும். கம்ப்ரஸரில் ஒரு திருகு முழுக்க ஏற்றி வைத்திருந்தேன். அதை ஏற்றினால் ஒரு தட்டுத் தட்டிய ஒலி, விடாமல், எடுப்பாக நீண்டுகொண்டே போகும். அந்த நீட்டம் எனக்குப் பிடித்திருந்தது. அதோடு அந்தப் பெடலைக் கரகரப்புப் பெடலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். முன்னால் வைத்திருந்தால் அதன் இரைச்சலைத் தூக்கியிருக்காது. வரிசையை மாற்றி, திருகைப் பாதி இறக்கினால் உஸ் முக்கால்வாசி அடங்கும். இரண்டு நிமிட வேலை. இறக்கிப் பார்த்தேன். அடங்கியது. என் ஒலியும் அடங்கியது. ஏதோ மெலிந்துபோன மாதிரி இருந்தது. மறுபடி ஏற்றிவிட்டேன். மாஸ்டரிடம் பெடல் பழசு என்று சொன்னேன். மதினியிடமும் அதையேதான் சொன்னேன். பாட்டுக்கு நடுவில் பெடலை அணைத்துவிடும் பழக்கம் வந்ததும் மாஸ்டர் திட்டுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு முறையும் அப்படி அணைக்க முடியாது. அதனால் மதினி வேலையிலிருந்து வருமுன் வாசித்து முடித்துவிடப் பார்ப்பேன். முடியாது. எனக்கு ஷிப்டு விடுகிற நேரமும் அவர் பஸ் வந்து நிற்கிற நேரமும் ஒன்று.

ஒரு நாள் சாயங்காலம் மதினியே வந்து சொன்னார். "இந்தா பாரு, எனக்காக நீ வாசிக்காம இருக்காத. நான் பழகிக்கிறேன்."

"வேணாம் மதினி. நீங்க பயந்துக்கிருவீக."

"பயந்தாத்தான் என்ன? கடிச்சா தின்னுரும்? பொட்டிதான?"

அவர் பழகிய விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. முதல் சில நாள் நான் சுவிட்சைப் போடும்போது தெருவில், குழாயடியில் நிற்பார். பிறகு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் நடுவீடு. பிறகு என் அறைக்கே முறத்தோடு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கினார். தொடக்கத்தில் உஸ் வந்த கணம் தோள் இரண்டும் காது வரை தூக்கிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போகப்போகத் தோள் இறங்கியது. "இன்னைக்கு என்ன, சாமி பாட்டு இல்லையா?" என்று கேட்கிற அளவுக்கு ஆனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மனுஷியின் பத்து வருடப் பயத்தை என் பெட்டி போக்கிவிட்டது என்று நினைத்தேன். அண்ணன்கூட, "டாக்டர் கொடுத்த மாத்திரையில போகாதது ஒன் உஸ்ஸுல போயிருச்சேலே" என்றார். வீட்டுக்குக் குக்கர் வந்தது. பருப்பு பத்து நிமிடத்தில் வெந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் மதினியும் சிவகாசி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற பஸ் பிரேக்கை விட்டு உஸ்ஸ்ஸ் என்று காற்றைக் கக்கியது. நான் துள்ளி விழுந்தேன். பக்கத்தில் நின்ற பெண்கள் இரண்டு மூன்று பேர் துள்ளினார்கள். மதினி துள்ளவில்லை. திரும்பக்கூட இல்லை. பொண்ணுக்கு எடுத்த பட்டு கனமில்லாத பட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அப்படியே தொடர்ந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏனென்று முதலில் எனக்கே தெளிவாகவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து இலையில் சாம்பார் ஊற்றுகையில்தான் விளங்கியது. அந்த அறையிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது எது? பயம்தானே. மூளை யோசிக்கும் முன் காலை ஓடவைத்த பயம். அதைத்தான் நான் மாதக்கணக்கில், சாயங்காலந்தோறும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்திருக்கிறேன். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு அவர் போய் உட்காரப் போவது அதே மாதிரி ஓர் அறையில், அதே மருந்துக்கு முன்னால். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருகை இறக்கினேன், வரிசையை மாற்றினேன். ஆம்ப்ளிபயரின் கீச்சு ஒலியையும் குறைத்தேன். உஸ் அடங்கிவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும். மறுநாள் மதினி முறத்தோடு வந்து உட்கார்ந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்ன தம்பி, பொட்டி ரிப்பேரா? சத்தத்தையே காணோம். சத்தமில்லாட்டி நீ வீட்டுல இல்லாத மாதிரி இருக்கு."

வந்த பயம் போகும். போன பயம் வருமா? எனக்குத் தெரியவில்லை. அதற்காக நான் செய்தது இன்னும் மோசம். அவர் எதிர்பார்க்காத நேரத்தில், அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்கும்போது, சத்தமில்லாமல் போய்த் திருகை முழுக்க ஏற்றி சுவிட்சைப் போட்டேன். ஓடுவார், ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கதவிடுக்கில் பார்த்தேன். ஓடவில்லை. கரண்டியால் குழம்பைத் துழாவிக்கொண்டே, "ஆ, பொட்டி சரியாயிருச்சா?" என்றார். மூன்று நாள் இப்படிப் பார்த்தேன். மூன்று நாளும் அதே பதில்தான். நல்ல மனுஷன் செய்கிற வேலையா இது? ஆனால் எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

கடைசியில் நேராகச் சொல்லிவிட்டேன். "மதினி, கம்பெனியில சத்தம் கேட்டா ஓடிருவீகள்ல?"

"இதென்ன கேள்வி? ஓடாம?"

"இல்ல, பழகிட்டீகளே. அன்னைக்கு பஸ் சீறுனதுக்கு நீங்க திரும்பவே இல்ல."

"பஸ்ஸுக்கு எதுக்குத் திரும்பணும்? பஸ்ஸு வெடிக்கவா போகுது?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். "இந்தா, நீ ஒண்ணும் மனசப் போட்டுக் கொழப்பிக்காத. அங்கன வேற, இங்கன வேற. எனக்குத் தெரியாதா?"

லேபிள் ஒட்டுகிற பக்கம் மாறச் சொன்னேன். அங்கே மருந்து இல்லை. கேட்டுப் பார்த்ததாகவும், ஆள் நிறைய இருப்பதாகவும், சீசன் முடியட்டும் என்று போர்மேன் சொன்னதாகவும் சொன்னார். உண்மையிலேயே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த நேரம் அது.

அதன் பிறகு நான் நானாக இல்லை. காலையில் அவர் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் அச்சகம் போவேன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் வெளிச்சத்தம் கேட்காது. அதனால் அடிக்கடி மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பேன். எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். தூரத்தில் டொம் என்றால் முதலில் புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம், பிறகு போனை எடுப்போம். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லாரும் அடிப்போம். பெரிய சத்தம் கேட்ட நாளில், கேட்டில் ஒரு பெட்டி நிறைய போன்கள் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும் என்று மதினி ஒரு முறை சொல்லியிருக்கிறார். நான் சத்தம் கேட்காத நாளிலும் அடித்தேன். மணி போவதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஏதோ ஓர் ஆறுதல். முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்தார். கச்சேரியில் சுருதி தப்பினேன். பெடல்களைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு வெறும் கிடாரோடு மேடையேறினேன்.

அது மழைத் தூறல் விழுந்த ஒரு காலை. பதினொரு மணி இருக்கும். சத்தம் பெரிதாக இல்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் வருமே, அவ்வளவுதான். ஆனால் அச்சகத்து வாசலில் நின்ற டீக்காரர், "புதுப்பட்டிப் பக்கமில்ல பொக தெரியுது" என்றார். நான் மெஷினை அணைத்தேனா என்றுகூட ஞாபகமில்லை. பைக்கில் போகிற வழியெல்லாம் ஒரு கையால் போனை அடித்துக்கொண்டே போனேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. பாதி வழியில் எதிரே ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் யார் இருக்கிறார் என்று தெரியாது. ஆனாலும் வண்டியைத் திருப்பி அதன் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதில்தான் மதினி இருந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்ல அவர்களுக்கு ஒன்றரை மணி நேரமானது. வலக்கையும் முதுகின் ஒரு பக்கமும் வெந்திருந்தது. வேறு யாருக்கும் காயம் இல்லை. அறை மூலையில் ஒதுக்கி வைத்திருந்த கழிவு மருந்தில் தூறல் பட்டிருக்கிறது. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறிச் சீறியிருக்கிறது. மதினியோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்து அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சேலை முழுக்க வெள்ளி நிறத்தில் மருந்து அப்பியிருந்தது. "சீத்துன்னு வந்துச்சு. நாங்க எல்லாரும் எந்திரிச்சு ஓடுறோம். இவ உக்காந்திருக்காண்ணே. குனிஞ்ச தல நிமிராம உக்காந்து அடைச்சுக்கிட்டு இருக்கா. எப்பவும் மொத ஆளா ஓடுறவ. காது கேக்கலையாடின்னு நாந்தான் திரும்பி வந்து கையப் புடிச்சு இழுத்தேன். வாசப்படி தாண்டையில வெடிச்சிருச்சு."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு இதில் சம்பந்தம் எதுவும் தோன்றவில்லை. நான் வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். கொசுவலைக்குள் மதினி ஒருக்களித்துப் படுத்திருந்தார். மயக்க ஊசியின் கிறக்கம் இன்னும் இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். "கேட்டுச்சு தம்பி. நல்லாத்தான் கேட்டுச்சு. ஒன் பொட்டின்னு நெனச்சுட்டேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். இவ்வளவு வலியிலும் இவளுக்குக் கிண்டலைப் பாரேன் என்கிற சிரிப்பு. நர்ஸும் சிரித்தார். நான் வெளியே வந்து, மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு மதினி கம்பெனிக்குப் போகவில்லை. வலக்கை விரல்கள் முழுதாக மடங்காது; இட்லி மாவை இடக்கையால்தான் வழிக்கிறார். எனக்குக் கல்யாணமாகி விருதுநகருக்குக் குடிபோய்விட்டேன். இன்றைக்கு என்னிடம் இருக்கிற பெடல்கள் நல்லவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்சாரம்; வாசிக்காதபோது ஒலியை மொத்தமாக அடைத்துவிடுகிற பெடல் ஒன்றும் கடைசியில் இருக்கிறது. போன மாதம் ஒரு மேடையில் சவுண்டு பார்த்த தம்பி, "அண்ணே, ஒங்க லைன் ஆன்ல இருக்கா? ஒரு பொட்டுச் சத்தம்கூட இல்லையே" என்று ஓடி வந்து பார்த்தான். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு மேல் வேர்த்துவிட்டது.

இத்தனை வருடமாக அந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே இருந்தேன். கிறக்கத்தில் சொன்னதா, கிண்டலா, நிஜமா? கிண்டல் என்றே வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. போன வாரம் திருத்தங்கல் போயிருந்தபோது, அண்ணன் வெளியே போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"மதினி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒரு வார்த்த சொன்னீகளே, என் பொட்டின்னு நெனச்சேன்னு. அது வெளையாட்டுக்குத்தான சொன்னீக?"

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லையே. நெசமாத்தான் சொன்னேன்."

நான் திருகைப் பற்றிச் சொன்னேன். இரண்டு நிமிட வேலை என்று தெரிந்தும் செய்யாமல் இருந்ததை, அடுப்படியில் மூன்று நாள் சோதித்துப் பார்த்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லி முடிக்கும் முன் அவர் கையமர்த்தினார்.

"நான் எம்புட்டு வருசம் அங்கன வேல பாத்தேன்னு ஒனக்குத் தெரியும்ல? கேட்டுக்குள்ள காலெடுத்து வச்சா அடிவயிறு கலங்கும். சாயங்காலம் பஸ்ஸுல ஏறி உக்கார்ற வரைக்கும் கலங்கிக்கிட்டே இருக்கும். எல்லா நாளும் அப்பிடித்தான். யார்ட்டயும் சொன்னதில்ல. சொல்லி என்ன ஆகப்போகுது? ஒன் பொட்டிக்குப் பழகுனப்புறம் அது நின்னுருச்சு தம்பி. அந்தக் கொஞ்ச மாசந்தான் நான் பயமில்லாம வேலைக்குப் போயி வந்தது."

பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சு."